நான்காவது சுற்றில் சுட்ட கல்

க்ளாடெட் லவலேயின் மதிப்பீட்டுத் தாளில் "தரம் எட்டவில்லை" என்று எழுதியவன் நான். அதற்கு முன் முப்பத்தோரு பேருக்கு "தரம் எட்டினார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒன்றைப் பற்றிக்கூட யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. தோர்லாக் பார்டாலின் கையெழுத்து என்றால் எங்கள் ஏரிக்கரை ஊர்களில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது சொல்வது பெருமைக்காக இல்லை.

எங்கள் ஊர் க்ருண்ட்விக்கின் கர்லிங் அரங்கத்தை என் தகப்பனார் ஸ்டெஃபான் பார்டால் கட்டினார். பழைய மீன் கிடங்கைப் பிரித்த மரம், இரவல் வாங்கிய ஆணி, அண்டை வீட்டார் கைகள். அவர் பெயர் வாசல் நிலைக்கு மேல் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லும் கதை கட்டடத்தைப் பற்றியது அல்ல. எங்கள் ஆட்டத்தில், கனமான கல்லை ஐஸில் வழுக்கி எதிர்முனை வட்டத்தின் நடுவை நோக்கி விடுவோம்; அது சோராமல் ஓட, கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் பிரஷ்ஷால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே போவார்கள். ஓடும் கல்லின்மேல் பிரஷ்ஷோ காலோ பட்டுவிட்டால் கல்லைச் சுட்டுவிட்டதாகச் சொல்வோம். சுட்டவர் யாரோ அவரே உடனே சொல்லிவிட வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். அந்தக் கல்லை என்ன செய்வதென்று எதிரணி தீர்மானிக்கும். 1956 இறுதி ஆட்டத்தில், கடைசிக் கல்லில், என் தகப்பனாரின் பிரஷ் முடி ஒன்று பட்டது. ஒரே ஒரு முடி. அவர் நிமிர்ந்து "சுட்டுட்டேன்" என்றார். கோப்பை எதிரணியான எல்ம்ரிட்ஜுக்குப் போயிற்று. அந்தத் தோல்வியைத்தான் எங்கள் வீட்டில் கோப்பையைப் போலத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தோம்.

நான்கு வருடங்களுக்கு முன் மாகாணச் சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. சான்றிதழ் இல்லாதவர் மாகாணப் போட்டியில் பயிற்சியாளர் பெஞ்சில் உட்காரக் கூடாது. சான்றிதழ் வேண்டுமென்றால் ஒரு சனி ஞாயிறு வகுப்பு, ஓர் எழுத்துத் தேர்வு, பிறகு ஒரு முழு ஆட்டம். அந்த ஆட்டத்தில் அவர் தன் அணியை எப்படி நடத்துகிறார் என்று மதிப்பீட்டாளர் ஒருவர், பார்வையாளர் பக்கத்துக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்து எழுதுவார். எங்கள் வட்டாரத்துக்கு மதிப்பீட்டாளர் நான்.

க்ளாடெட் நகராட்சியின் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள். நாற்பத்துநான்கு வயது. ஏரியின் தெற்குக் கரையிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் வீட்டில் யாரும் கர்லிங் ஆடியவர்கள் இல்லை. இங்கே வந்தபின்தான் கற்றுக்கொண்டாள். மூன்று வருடமாக எங்கள் பெண் பிள்ளைகள் அணியைப் பழக்கிவந்தாள். நான்கு பேர் கொண்ட அந்த அணியில் இரண்டாவதாகக் கல் விடுகிறவள் ஆஸ்தீஸ், என் மகன் பால்மியின் மகள். பதினைந்து வயது. என்னை அஃபி என்பாள். எங்கள் வீடுகளில் தாத்தாவை அழைப்பது அப்படித்தான்.

மதிப்பீட்டுத் தாளின் முதல் வரியிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. "இந்தப் பயிற்சியாளருடனோ அவர் அணியில் எவருடனோ உமக்கு உறவு உண்டா?" நான் "இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ள முடியாது. படித்தேன். மாகாணப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வேறு மதிப்பீட்டாளர் வேண்டுமென்றால் வின்னிபெக்கிலிருந்து வரவேண்டும். பிப்ரவரி மாதப் பனிச் சாலை. இதெல்லாம் காரணங்கள்தாம். ஆனால் குறி போடும்போது என் மனத்தில் ஓடியது வேறு. அந்தக் கேள்வி வேறு குடும்பங்களுக்கானது என்று நினைத்தேன்.

வகுப்பு நடந்த ஞாயிற்றுக்கிழமை ஒழுக்கம் பற்றிய பாடத்தை நான்தான் எடுத்தேன். அரங்கத்தின் மாடிக் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுட்ட கல் பற்றிச் சொன்னேன். தகப்பனார் கதையையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தை எடுத்ததே இல்லை.

க்ளாடெட் கை தூக்கினாள். "மிஸ்டர் பார்டால், பொண்ணு சுட்டதை நான் பார்த்துட்டேன். ஆனா அவ சொல்லல. அப்போ கோச் என்ன பண்ணணும்?"

"பெஞ்சுலேருந்து கத்தக் கூடாது. இடைவேளை வரட்டும். தள்ளிக் கூட்டிட்டுப் போய்க் கேளு. சொல்லுன்னு சொல்லாத. பட்டுச்சான்னு கேளு, அவ்வளவுதான். மீதி அவ பாடு."

"அவ இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லைதான். நாம போலீஸ் இல்ல."

"நீங்க அப்படி யாரையாவது கேட்டிருக்கீங்களா?"

"எங்க வீட்டுல அந்தக் கேள்வியே வந்ததில்ல" என்றேன்.

அரங்கத்தில் ஐஸ் தளம் போடுகிற வால்ட்டர் ஹுமெனியுக் காப்பிக் குவளையோடு கதவில் சாய்ந்து நின்றான். ஐம்பது வருடத்து நண்பன், என்னை லாகி என்றுதான் கூப்பிடுவான். "லாகி வீட்டுல குழந்தைங்க பொறந்ததும் அழாதுங்க. கைய தூக்கி 'நான்தான்'னு சொல்லும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது கேலி என்றுகூட எனக்குப் படவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் வட்டார இறுதி ஆட்டம். எல்ம்ரிட்ஜ் பெண்கள் வந்திருந்தார்கள். வெல்கிற அணி மாகாணப் போட்டிக்குப் போகும். க்ளாடெட்டின் மதிப்பீட்டுக்கு அந்த ஆட்டத்தையே குறித்திருந்தோம். அவள் கீழே பெஞ்சில். நான் கண்ணாடிக்குப் பின்னால், மடியில் அட்டை, அட்டையில் தாள். மொத்தம் எட்டுச் சுற்று. நான்காவது சுற்று முடிந்ததும் சில நிமிட இடைவேளை. அப்போது பயிற்சியாளர் ஐஸ் ஓரத்துக்குப் போய்த் தன் பெண்களுடன் பேசலாம்.

மூன்று சுற்றுவரை க்ளாடெட்டிடம் ஒரு குறையும் காணவில்லை. எல்லாக் கட்டத்திலும் குறி போட்டுக்கொண்டே வந்தேன். நான்காவது சுற்றின் கடைசிக் கல் எங்களுடையது. கேப்டன் டாரியா விட்டாள். கல் கண்ணாடிப் பக்கத்து வட்டத்தை நோக்கி வந்தது. ஆஸ்தீஸும் இன்னொருத்தியும் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். வட்டத்துக்குள் நுழையும்போது கல் சோர்ந்தது. ஆஸ்தீஸ் இன்னும் குனிந்து அழுத்தினாள். அவள் பிரஷ் கல்லின் விளிம்பைத் தொட்டது. கல் ஒரு நூல் அளவு துள்ளி நகர்ந்து நின்றது. எங்களுக்கு மூன்று புள்ளி.

நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் கண்ணாடி மட்டுமே. பெஞ்சில் க்ளாடெட்டின் பேனா நின்றதையும் பார்த்தேன். எதிரணியில் யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் வட்டத்தின் நடுவுக்கு யார் கல் கிட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

ஆஸ்தீஸ் நிமிர்ந்தாள். கையைத் தூக்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

நான் தலையைக் குனிந்து தாளைப் பார்த்தேன்.

நான் மறுபடி நிமிர்ந்தபோது எண் பலகையில் மூன்று ஏறியிருந்தது. இடைவேளை. க்ளாடெட் நடைபாதை வழியாக இறங்கிப்போனாள். மற்ற மூவரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்தீஸை மட்டும் ஏழெட்டு அடி தள்ளி, எண் பலகைக்கு அப்பால் கூட்டிப்போனாள். கண்ணாடி சத்தத்தை விடாது. க்ளாடெட்டின் உதடு ஒரு தடவைதான் அசைந்தது. பிறகு அவள் கைகளைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு சும்மா நின்றாள்.

ஆஸ்தீஸ் வெகுநேரம் தரையைப் பார்த்தாள். பிறகு தானாகவே நடந்து எல்ம்ரிட்ஜ் கேப்டனிடம் போனாள்.

பலகையில் ஏற்றிய எண்ணை விதிப்படி இறக்க வேண்டியதில்லை. ஆனாலும் டாரியாவே போய், அந்தக் கல்லைக் கழித்து, மூன்றை எடுத்துவிட்டு இரண்டை மாட்டினாள். எல்ம்ரிட்ஜ் பெண் ஆஸ்தீஸின் தோளில் பிரஷ்ஷால் ஒரு தட்டுத் தட்டினாள். ஆட்டம் தொடர்ந்தது. எட்டாவது சுற்றில் எங்கள் பெண்கள் ஒரு புள்ளியில் வென்றார்கள்.

ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அதை அப்போதே பார்த்திருக்க வேண்டும். எனக்கோ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நாற்பது பேரின் முகம்தான் தெரிந்தது. பார்டால் வீட்டுப் பெண் சுட்டாள், சொல்லவில்லை, கேட்ட பிறகு சொன்னாள். அந்த வரிசையில் அது ஊருக்குள் போகும்.

வழக்கப்படி ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்து ஒரே மேசையில் உட்காருவார்கள். மாடிக் கூடத்தில் எட்டுப் பெண்களும் சூடான சாக்லேட்டும் பொரித்த மீனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்ம்ரிட்ஜ் பெண் எதையோ சொல்ல, ஆஸ்தீஸ் மூக்கால் சாக்லேட் வரும்படி சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

வால்ட்டர் பக்கத்தில் வந்து நின்றான். "கல்லைத்தான சுட்டா, ஆட்டத்தைச் சுடல. விடு லாகி."

"நீ உன் ஐஸைப் பாரு."

"ஐஸ் நல்லாத்தான் இருக்கு. உன் மூஞ்சிதான் உறைஞ்சு கெடக்கு."

நான் க்ளாடெட்டைக் கைகாட்டி அழைத்தேன். கருவிகள் வைக்கும் சின்ன அறையில் இருவரும் உட்கார்ந்தோம். அவளுக்குக் கன்னமெல்லாம் சிவந்திருந்தது, சந்தோஷத்தில். வீட்டிலிருந்து கொண்டுவந்த வெண்ணெய்ப் பணியாரம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எனக்கு நீட்டினாள். நான் வாங்கவில்லை. மதிப்பீட்டின்போது எதுவும் வாங்கக் கூடாது என்று சொன்னேன். விதி அப்படித்தான். விதியை அப்போது நினைத்துக்கொண்டேன்.

"இடைவேளையில நீ செஞ்சது சரியில்ல" என்றேன்.

"எது?"

"ஒரு பிள்ளைய எல்லாரும் பார்க்க நிக்க வெச்சு விசாரிச்சது."

"நான் தள்ளித்தான கூட்டிட்டுப் போனேன், மிஸ்டர் பார்டால். நீங்க வகுப்புல சொன்ன மாதிரியே. பட்டுச்சான்னு ஒரே வார்த்தை."

"கண்ணாடிக்குப் பின்னாடி நாற்பது பேரு."

"கண்ணாடிய நான் எங்க கொண்டு போய் வைக்கறது?"

நான் தாளில் எழுதினேன். "விளையாட்டு வீராங்கனையைப் பிறர் முன்னிலையில் நாணமுறச் செய்தார்." எழுத்து அழகாகத்தான் வந்தது. கீழே "தரம் எட்டவில்லை". தாளைத் திருப்பி அவளிடம் தள்ளினேன். படித்ததற்கு அடையாளமாக அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு தடவை படித்தாள். சிவப்பு மெல்ல வடிந்தது.

"நாணம் யாருக்குங்க? அந்தப் பொண்ணு அங்க சாக்லேட் குடிச்சுச் சிரிச்சிட்டு இருக்கா."

"மேல்முறையீடு செய்ய உனக்கு உரிமை உண்டு. முப்பது நாள்."

"மாகாணப் போட்டி ரெண்டு வாரத்துல."

"தெரியும்."

கையெழுத்துப் போட்டாள். பணியாரத்தைச் சட்டைப் பையில் வைத்தாள். "சரி. பனி வருதுன்னு சொல்றாங்க. வண்டிக்கு டீசல் ஊத்தணும்" என்று எழுந்து போனாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை சங்க அலுவலகத்திலிருந்து நார்மா தொலைபேசியில் பேசினாள். அணியின் பயிற்சியாளர் தேறவில்லை என்பதால் பெஞ்சில் யார் என்று கேட்டாள். "உங்க கிளப்புல சான்றிதழ் இருக்கறது உங்க ஒருத்தருக்குத்தான். நீங்களே உட்காருறீங்களா?"

"ஆகட்டும்" என்றேன். உண்மையைச் சொன்னால், மகிழ்ச்சியாக இருந்தது. பெஞ்சில் ஒரு பார்டால், ஐஸில் ஒரு பார்டால். சனிக்கிழமைக் கதையை இந்தக் காட்சி மறைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு பால்மியின் வீட்டில். ஏரி மீன், அவித்த உருளைக்கிழங்கு, பிறகு கொடிமுந்திரி அடுக்குக் கேக். கேக் வந்ததும் செய்தியைச் சொன்னேன்.

பால்மி "நல்லதுப்பா" என்றான். ஆஸ்தீஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அஃபி, நீங்க பெஞ்சுல இருந்தா நான் ஆடல."

"ஏய், யார்கிட்ட பேசற?" என்றான் பால்மி.

"விடு" என்றேன். "அந்தம்மா உன்னை எல்லார் முன்னாடியும் கேட்டதுக்கு நான் வருத்தப்பட்டேன். அதனாலதான்..."

"அவங்க கேட்டாங்க. நீங்க தலையாட்டுனீங்க."

"என்ன?"

"கல்லுல பட்டதும் நான் உங்களைத்தான் பார்த்தேன். சொல்லணும்னு எனக்குத் தெரியும். உங்க முன்னாடி சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. பெரிய தாத்தா கதையெல்லாம் இருக்குல்ல. நீங்க தலைய ஆட்டுனீங்க. சரி, அஃபிக்கும் சொல்ல வேணாம் போலன்னு நெனச்சுட்டேன்."

"நான் தலையாட்டல. எழுதறதுக்குக் குனிஞ்சேன்."

"என்ன எழுதுனீங்க?"

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தத் தாளில் நான்காவது சுற்றுக்கான கட்டத்தில் ஒன்றுமே இல்லை. குனிந்தேன், எழுதவில்லை. அவள் கண்ணைப் பார்க்க முடியாமல்தான் குனிந்தேன். அவள் சொல்லாமல் விட்டால் நல்லது என்று அந்த ஒரு நொடியில் நான் விரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தலையாட்டல்தான்.

பால்மி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டேன். எழுபத்துமூன்று வயதில், என் வாயிலிருந்து அப்போது வந்த கேள்வி அதுதான்.

"இல்ல அஃபி. க்ளாடெட் எனக்காகத் திட்டு வாங்குனாங்கன்னு தெரிஞ்சும் சொல்லல. சொன்னா உங்க பேரு போயிடும்ல."

கேக் துண்டு அப்படியே தட்டில் கிடந்தது. பதினைந்து வயதுப் பெண் எட்டு நாளாக என் பேரைக் காப்பாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். குடும்ப மானத்தைக் காப்பது எப்படி என்று நாங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான் போலிருக்கிறது.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் நார்மாவை அழைத்தேன். முதல் வரியில் பொய் எழுதியதைச் சொன்னேன். க்ளாடெட் தனியாகத்தான் கேட்டாள், அதைக் கண்ணால் பார்த்துவிட்டு மாற்றி எழுதினேன் என்பதையும் சொன்னேன். என் பேத்தி என்னைப் பார்த்ததையும் நான் குனிந்ததையும் சொன்னேன். மறுமுனையில் தட்டச்சு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"மிஸ்டர் பார்டால், இந்த மதிப்பீடு செல்லாது" என்றாள்.

"அதைத் திருத்தி 'எட்டினார்'னு நான் எழுதித் தரேன். அவ செஞ்சது முழுக்கச் சரி."

"அது எப்படி முடியும்? உங்க கையெழுத்தே செல்லாதுன்னு ஆயிடுச்சே. எட்டலைன்னு எழுதினதும் செல்லாது, எட்டினார்னு எழுதறதும் செல்லாது."

"வேற யாரையாவது அனுப்புங்க. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"மத்த மதிப்பீட்டாளர் மூணு பேரும் மாகாணப் போட்டி வேலையில இருக்காங்க. அதோட இந்த சீசனே முடிஞ்சுடும். அக்டோபர்ல பார்க்கலாம்." பிறகு சொன்னாள்: "இன்னொண்ணும் சொல்லணும். நீங்க முன்னாடி போட்ட முப்பத்தொண்ணையும் எடுத்துப் பார்க்கச் சொல்வாங்க. அவங்க எல்லாருக்கும் கடிதம் போகும். உங்க பேரைப் போட்டுத்தான் போகும். அதுவரைக்கும் பெஞ்சுலயும் நீங்க உட்கார முடியாது."

"போகட்டும்" என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது. தொலைபேசியை வைத்தபின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த முப்பத்தோரு பேரின் முகமும் வந்தது. அவர்களில் ஐந்து பேர் என் தகப்பனார் கதையைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள்.

க்ளாடெட் நகராட்சிக் கொட்டகையில் இருந்தாள். வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புத் தகட்டின் விளிம்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நார்மாவிடம் சொன்னதைவிட இங்கே வார்த்தைகள் கஷ்டப்பட்டு வந்தன. அவள் ஸ்பேனரை நிறுத்தாமல் கேட்டாள். நான் குனிந்த இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"அப்போ அந்தப் பொண்ணு எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே உங்ககிட்ட வந்திருக்கா."

"ஆமா."

"கண்ணாலயே."

"ஆமா."

மறுபடி ஸ்பேனரைத் திருகினாள். ஒரு நட்டு வந்தது. அதை டப்பாவில் போட்டாள்.

"மன்னிச்சிடு, க்ளாடெட்."

"எனக்கு அக்டோபர்ல கிடைக்கும். கிடைக்கலைன்னா அடுத்த அக்டோபர். பனி விழுந்துட்டுத்தான் இருக்கும், நான் வாரிட்டுத்தான் இருப்பேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பொண்ணுங்க தனியா போகணும். பெஞ்சு காலி. சுத்தி எல்லா அணிக்கும் ஒரு கோச் இருப்பாங்க, இவங்களுக்கு மட்டும் இருக்காது. ஏன் ஏன்னு என்கிட்ட கேக்குதுங்க. நான் தேறலைன்னு சொல்லிட்டேன். அதுதான அன்னிக்குத் தெரிஞ்ச உண்மை."

"நான் சொல்றேன்."

"ஆஸ்தீஸ்கிட்டயா?"

"ஆமா."

"அவளுக்குத் தெரியும், மிஸ்டர் பார்டால். மத்த மூணுக்கும்தான் தெரியாது. வியாழக்கிழமை நாலரைக்குப் பயிற்சி. நான் நாலே முக்காலுக்குத்தான் வருவேன்."

அந்தக் கால் மணி நேரத்தை அவள் எனக்காக விட்டுவைத்தாள். அவள் முன்னால் நான் அதைச் சொல்ல வேண்டாம் என்று.

வியாழக்கிழமை அரங்கத்துக்குள் போனபோது நான்கு பெண்களும் ஐஸில் வளைந்து நெளிந்து கால்களை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கைகாட்டிக் கூப்பிட்டால் அவர்கள் மேலே வந்திருப்பார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று தோன்றியது. நடைபாதையில் இறங்கி, ஐஸ் ஓரத்தைத் தாண்டி, அவர்கள் நின்ற இடத்துக்கே போனேன். ஆஸ்தீஸ் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். டாரியா "வணக்கம் மிஸ்டர் பார்டால்" என்றாள்.

வீட்டில் நான்கைந்து வாக்கியம் எழுதிப் பார்த்திருந்தேன். அவை ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஆஸ்தீஸ் அன்னிக்கு நான்காவது சுற்றுல கல்லைச் சுட்டா. உடனே நான் பார்த்துட்டேன். அவ என்னைப் பார்த்தா. நான் தலையைக் குனிஞ்சுகிட்டேன். அவ பேசாம இருந்ததுக்குக் காரணம் நான். அப்புறம் க்ளாடெட் அவளைக் கேட்டது முழுக்கச் சரி. நான் சரியில்லைன்னு பொய் எழுதினேன். என் பேத்தி ஆடற அணிய நான் மதிப்பிடவே கூடாது, அதையும் மறைச்சேன். உங்க பெஞ்சு காலியா இருக்கறதுக்கு நான்தான் காரணம். க்ளாடெட் இல்ல."

ஆஸ்தீஸ் தன் பிரஷ்ஷின் முடியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

இந்த வயதில் ஒருவன் வந்து இப்படிச் சொன்னால் பிள்ளைகள் ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. பரவாயில்லை என்று, அல்லது ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. ஏதாவது.

டாரியாதான் கடைசியில் பேசினாள். ரொம்ப மரியாதையாக.

"சொன்னதுக்கு நன்றி, மிஸ்டர் பார்டால். வந்து... நீங்க வெளிய போடற ஷூவோட நிக்கறீங்க. ரோட்டு உப்பு ஒட்டியிருக்கும். ஐஸ் போயிடும்."

கீழே பார்த்தேன். என் கனத்த கறுப்புப் பனிக்காலணிகள். ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. வாசலிலிருந்து நான் நின்ற இடம்வரை பழுப்பு நிறத்தில் அடித்தடங்கள். வெளிச்செருப்போடு ஐஸில் கால் வைத்த எத்தனை பேரை இதே அரங்கத்தில் நான் விரட்டியிருக்கிறேன். ஆறு வயதுக் குழந்தையை ஒரு தடவை அழவே வைத்திருக்கிறேன்.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

திரும்பி நடப்பது எப்படி என்று தெரியவில்லை. புதுத் தடம் விழாமல் இருக்க, வந்த அடிகளின் மேலேயே ஒவ்வொன்றாகக் காலை வைத்துப் போனேன். என் பின்னால் டாரியா மற்றவர்களிடம் "இந்த ஐஸ் தளம் வேணாம், பக்கத்துல மூணாவதுக்குப் போயிடலாம்" என்றாள். கற்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

நடைபாதையில் வால்ட்டர் வெந்நீர் வாளியும் சுரண்டியுமாக நின்றான். கேலி எதுவும் சொல்லவில்லை. நான் தாண்டிப் போக விலகி வழிவிட்டு, ஐஸில் இறங்கி, முதல் தடத்தின் முன்னால் மண்டியிட்டுச் சுரண்ட ஆரம்பித்தான்.